சொந்த ரவுட்டரும் மோகனூர்ப் போனும்

எங்கள் வீட்டுத் தொலைபேசி எண் திருச்செங்கோட்டைவிட மத்தியப் பிரதேசத்தில்தான் அதிகம் பேருக்குத் தெரியும். அப்பாவும் அவருடைய பங்காளி ஒருவரும் சேர்ந்து ஒரு போர்வெல் வண்டி வைத்திருக்கிறார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் முதுகிலும் அந்த எண் மஞ்சள் பெயின்டில் பெரிதாக எழுதியிருக்கும். வருடத்தில் முக்கால்வாசி நாள் வண்டி வடக்கே எங்காவது தூசி கிளப்பிக்கொண்டிருக்கும். அது போகிற வழியில் தண்ணீர் வேண்டுகிறவர்கள் அதன் முதுகைப் பார்த்து எங்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மாவுக்குத் தெரிந்த இந்தி மொத்தம் மூன்று வார்த்தை; அதில் முதல் வார்த்தை பானி, அதாவது தண்ணீர். அதை வைத்துக்கொண்டே இரண்டு தோட்டத்துக்குப் போர் போடும் வேலை பிடித்துக் கொடுத்திருக்கிறாள்.

சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது பழைய செம்புக் கம்பி அறுந்துபோனது. இனி கம்பி இல்லை, இன்டர்நெட் வழியாகத்தான் போன் என்றார்கள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நம்பர் மாறாதுல்லங்க?"

மாறாது என்றார்கள். அதன்பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. சுவரில் ஃபைபர் வந்து சேரும் ஒரு பெட்டி, அதற்குப் பக்கத்தில் வைஃபை பெட்டி, அதிலிருந்து ஒரு ஒயர் போய்ச் சேரும் உள்ளங்கை அளவு போன் டப்பா, அதில் சொருகிய எங்கள் பழைய சிவப்புப் போன். ஆக மூன்று பெட்டிக்குப் பச்சை விளக்கு மினுக்கினால்தான் ஒரு போன் பேசும். வீட்டார் அதற்கு வைத்த பெயர் நெட்டுப் போனு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். நான் படித்தது மெக்கானிக்கல். ஆனால் வீட்டில் எதற்கு ஒயர் இருந்தாலும் அது என் பொறுப்பு. மிக்சி ஓடாவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும், "இஞ்சினியரு ஊட்டுலதான் இருக்கான், வாரேன்னு சொல்லுவான் இருங்க" என்று அம்மா எனக்குப் பதிலாக வாக்குக் கொடுத்துவிடுவாள். எனக்கு அது கொஞ்சம் பிடிக்கவும் செய்யும்.

இந்தக் கதை அக்காவின் கல்யாணத்தைப் பற்றியது. ரவுட்டரைப் பற்றியதும்தான். இரண்டும் ஒரே வாரத்தில் நடந்ததால் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

அக்கா பன்னிரண்டாவதோடு நின்று, டவுனில் போர் போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரிபாகம் விற்கும் கடையில் பில் போடுகிறாள். அவளைப் பார்க்க மோகனூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பங்கு. ஊரில் காவிரிப் பாசனத்தில் கரும்பு. கூட வந்த அவருடைய பெரியப்பாதான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை சொல்கிறவர் என்பது அவர் உட்கார்ந்த தோரணையிலேயே தெரிந்தது.

மாப்பிள்ளையும் அக்காவும் கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே நின்று பேசினார்கள். நான் தொட்டிக்கு இந்தப்பக்கம் மோட்டார் சுவிட்சைச் சரிபார்ப்பதுபோல் நின்றிருந்தேன்.

"உங்கூட்டு நம்பர் எனக்கு முன்னாலயே தெரியுமுங்க" என்றார் அவர்.

"அதெப்படிங்க?"

"உங்க வண்டி எங்க பட்டறைக்கு வந்திருந்துச்சுங்க. பின்பக்கத் தகடு நாந்தான் அடிச்சேன். நம்பருக்குக் கீழ செவப்புக் கோடு ஒண்ணு இருக்குமே, அதும் நான் போட்டதுதானுங்க."

"அந்தக் கோணக்கோடு உங்களுதுங்களா" என்றாள் அக்கா.

அவர் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் அக்கா கடை பில்லைச் சரிபார்த்தபடி தனக்குத்தானே இரண்டு முறை சிரித்தாள். அதற்குமுன் வந்துபோன இரண்டு மாப்பிள்ளைகளுக்கு அவள் ஒரு முறைகூடச் சிரித்ததில்லை.

கிளம்பும்போது பெரியப்பா அப்பாவிடம் சொன்னார். "வெள்ளிக்கெழம எங்க குலசாமி கோயில்ல பூக் கேக்கறோமுங்க. வெள்ளப்பூ வந்துச்சுன்னா அன்னிக்கே கூப்பிட்டுச் சொல்லிருவேன். செவப்பு வந்தா நான் கூப்பிட மாட்டேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்கப்படாது."

"அதானுங்க மொறை" என்றார் அப்பா. "என்ற செல்லு நம்பர் வேணா..."

"செல்லு வேண்டாமுங்க. பஸ்சுல நிக்கறப்ப எடுப்பாங்க, டீக்கடையில எடுப்பாங்க. நல்ல காரியத்த அதுல போயிச் சொல்றதுங்களா? எங்கூட்டுப் போன்ல இருந்து உங்கூட்டுப் போனுக்குக் கூப்பிடறேன்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டுப் பூசாரி ஒன்றை எடுத்துத் தருவது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளை வந்தால் சாமி சரியென்றதாக அர்த்தம். சிவப்பு வந்தால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பெண் வீட்டாரைக் கூப்பிட்டு "சாமி வேண்டாம்னுருச்சு" என்று எப்படிச் சொல்வது? அதனால் பேசாமல் இருந்துவிடுவார்கள். பெண் வீட்டாரும் கேட்கமாட்டார்கள். போன் அடிக்காததுதான் பதில்.

நடுவில், செவ்வாய்க்கிழமை, என் ரவுட்டர் வந்தது.

நான் கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மலை மறைப்பதால் எங்கள் வீட்டில் செல்போனுக்கு டவர் எடுக்காது. பேச வேண்டுமென்றால் மாடிக்கு ஏற வேண்டும். நெட்காரர்கள் கொடுத்த வைஃபை பெட்டி முன்னறையைத் தாண்டாது. மீட்டிங்கில் நான் பேசும் பாதிப் பேச்சு சமையலறைச் சுவரிலேயே தங்கிவிடும். சொந்தமாக ஒரு நல்ல ரவுட்டர் வாங்கலாமென்று அவர்கள் அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

"தாராளமாப் போட்டுக்கங்க தம்பி" என்றார் அங்கிருந்தவர். "எங்க வைஃபை பெட்டியக் கழட்டிட்டு உங்களுத மாட்டிக்கங்க. போன் டப்பா ஒயர உங்க ரவுட்டர்ல சொருகுனா பேசும். பேசலீன்னா எங்களக் கூப்பிடக் கூடாது."

"பேசலீன்னா எப்படீங்க கூப்பிடறது?"

"அதையேதான் நானும் சொல்றேன்" என்றார்.

நான்கு கொம்பு வைத்த கறுப்பு ரவுட்டர். மாட்டினேன். பின்கட்டுவரை நெட் பாய்ந்தது. சிவப்புப் போனை எடுத்துக் காதில் வைத்தால் அதே பழைய 'ஙொய்ங்' சத்தம். மாடிக்கு ஓடி என் செல்லிலிருந்து வீட்டு எண்ணைப் போட்டேன். கீழே மணி அடித்தது. அம்மா எடுத்து, "யாருங்க, பானியா?" என்றாள். எனக்குப் பரம திருப்தி. படித்ததற்கு ஒரு பலன் கண்ணெதிரே நடப்பதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையிலேயே அம்மா போனுக்கு மேலிருந்த துணியை எடுத்துத் துடைத்து வைத்தாள். அப்பா சந்தைக்குப் போகவில்லை. அக்கா மட்டும் வழக்கம்போலக் கடைக்குப் போனாள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் ஒருநாளும் அப்படி வருகிறவள் அல்ல.

போன் அடிக்கவில்லை.

"கெட்டுப் போச்சோ என்னமோ" என்று அம்மா எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தாள். ஙொய்ங். "நல்லாத்தான் இருக்குது" என்று வைத்தாள். சாயங்காலம் சித்தியைக் கூப்பிட்டுப் பேசினாள். பேசி வைத்த கையோடு சித்தியே ஏதோ மறந்துபோய்த் திரும்பக் கூப்பிட, மணி அடித்தது. நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். சித்தி என்று தெரிந்ததும் நால்வரும் உட்கார்ந்தோம். அதோடு போன் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமையும் சத்தமில்லை. அம்மா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே, "சரி சாமி, நீ குடுக்கலையாட்ட இருக்குது" என்றாள்.  அப்பா, ஈரோட்டிலிருந்து புதன்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த இன்னொரு வீட்டாருக்கு வரச்சொல்லித் தரகரிடம் தகவல் கொடுத்துவிட்டார். அக்கா, "வரட்டுமுங்கப்பா" என்றாள். அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அது அக்காவின் குரல் மாதிரியே இல்லை. மறுநாள் காலையில் இட்லி நன்றாக இருக்கிறதென்று சொன்னேன். "இருந்துட்டுப் போகுது" என்றாள். என்னை ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அப்போதுதான் எனக்குப் பயமே வந்தது.

ஞாயிறு மதியம் அப்பா டவுனுக்குப் போயிருந்தபோது அவருடைய செல்லுக்கு எங்கள் ரிக் வண்டியின் டிரைவர் வடக்கேயிருந்து கூப்பிட்டிருக்கிறார். மழையில் வண்டி சும்மா நிற்கிற நேரம் என்பதால் அவருக்கும் பேச நேரம் இருந்திருக்கிறது. அப்பா வீட்டுக்குள் நுழையும்போதே அவர் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"ஏண்டா தம்பி, வண்டிக்காரன் நேத்திருந்து ஊட்டுப் போனுக்கு அடிக்கறானாமா. நாம எடுக்கறதே இல்லீங்கறானே. நாம இங்கயேதான இருந்தோம்?"

அம்மா போனைப் பார்த்தாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் நான்கு கொம்பு ரவுட்டரைப் பார்த்தேன்.

"ரவுட்டர மாத்துன கோளாறாட்ட இருக்குதுங்கப்பா" என்றேன். "இருங்க, பாக்கறேன்."

"எது, அந்தக் கறுப்புத் தேளா?" என்றாள் அக்கா. மூன்று நாளைக்கப்புறம் அவள் செய்த முதல் கிண்டல். என்னை வைத்துத்தான் என்றாலும் கேட்கச் சுகமாக இருந்தது.

நான் மாடியில், அக்கா கீழே போனருகில். செல்லிலிருந்து கூப்பிட்டேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பெண் குரல், நீங்கள் அழைத்த எண் பதிலளிக்கவில்லை என்றது. கீழே மணியே அடிக்கவில்லை.

"இப்ப நீ எனக்கு அடி" என்று மாடியிலிருந்து கத்தினேன். அடித்தாள்; என் செல் அடித்தது. வைத்தாள். உடனே நான் வீட்டுக்கு அடித்தேன். கீழே மணி அடித்தது. கொஞ்சம் காத்திருந்து மறுபடி அடித்தேன். மறுபடியும் அந்தப் பெண் குரல்.

அக்கா படியேறி வந்தாள். "டேய், நாம மொதல்ல பேசுனாத்தான் இது வாயத் தொறக்குது. நல்ல ரோசக்காரப் போனா வாங்கி மாட்டியிருக்கற."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாலும் விஷயம் அதேதான். ரவுட்டர் என்பது வாசலில் நிற்கும் ஒரு காவல்காரன் மாதிரி. உள்ளேயிருந்து ஒரு பேச்சு வெளியே போனால், அதற்கு வரும் பதிலை உள்ளே விடும். கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து எந்தப் பேச்சும் போகாவிட்டால் அது மறந்துவிடும். அதன்பிறகு வெளியிலிருந்து வருகிறவரை, நீ யாரென்று தெரியாது என்று வாசலிலேயே நிறுத்திவிடும். நெட்காரர்களின் பழைய பெட்டிக்குப் போன் டப்பா யாரென்று சொல்லிவைத்திருந்தார்கள். என் ரவுட்டருக்கு யாரும் சொல்லவில்லை. நான் செவ்வாய்க்கிழமை மாட்டிய கையோடு சோதித்தபோது அதற்கு இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

கணினியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்தேன். தேடித் தேடிப் பார்த்ததில், இன்டர்நெட் போன்களுக்கு உதவி செய்வதாகச் சொல்லும் ஒரு வசதி தானாகவே போடப்பட்டிருந்தது. அதைப்பற்றி நெட்டில் தேடினால், உலகம் முழுக்க ஜனங்கள் அதைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் கூப்பிடாமலே பந்திக்கு நடுவில் புகுந்து இலையை மாற்றிப் போடும் மாமாவைப் போன்ற உதவி அது. அணைத்தேன். பிறகு போன் டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லை வைத்து அதன் பக்கத்துக்குள் போனேன். நான் இருக்கிறேன் என்று அவ்வப்போது வெளியே ஒரு குரல் கொடுக்கச் சொல்லும் இடம் காலியாக இருந்தது. அரை நிமிடத்துக்கு ஒரு தடவை குரல் கொடுக்கும்படி போட்டேன். எல்லாப் பெட்டியையும் ஒருமுறை அணைத்து மறுபடி போட்டேன்.

"ஆச்சா?" என்றாள் அக்கா.

"ஆச்சுன்னுதான் நெனைக்கறேன்."

"நெனைக்கறதுக்கா உன்னப் படிக்க வெச்சது?"

கீழே இறங்கினோம். இனி போன் சரியாகிவிட்டது என்று சொன்னேன். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி, "சரி. ஆனா அவங்க கூப்பிட்டாங்களா இல்லியான்னு எப்படித் தெரியும்?" என்றார்.

 எங்கள் சிவப்புப் போனில் யார் கூப்பிட்டார்கள் என்று காட்டும் வசதி கிடையாது.

"நாமளே கேட்டுப்போடலாமுங்க" என்றாள் அம்மா.

"எப்படிக் கேக்கறது? செவப்பு வந்திருந்தா அந்தப் பெரியவர் என்ன சொல்லுவாரு? அவரத் தர்மசங்கடத்துல கொண்டுபோய் விடறதா? பொண்ணு ஊட்டுக்காரங்க நாமளாக் கூப்பிட்டு, பூ வந்துச்சுங்களான்னு கேக்கறது நல்லாவா இருக்குது?"

 அக்காதான் பேசினாள்.

"ஏனுங்கப்பா, நம்ம போனு கெட்டுப் போயிருந்துச்சு, இப்பச் சரியாயிருச்சுன்னு சொல்றதுக்குக்கூட சாமிகிட்டப் பூக் கேக்கோணுமுங்களா?"

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவளுக்கு இந்த மாப்பிள்ளைதான் வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் அதற்குமுன் சொல்லவில்லை. அப்போதும் யாரும் சொல்லவில்லை. அப்பா எழுந்துபோய்ப் போனை எடுத்தார்.

எடுத்தது பெரியப்பாவேதான். சத்தமாகப் பேசுகிறவர், எங்களுக்கும் கேட்டது. அப்பா கரும்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டச் சொல்லி உத்தரவு வந்ததா என்றார். ஆற்றில் தண்ணீர் போகிறதா என்றார். அங்கே மழையா, இங்கே தூறல்தான் என்றார். அம்மா கையைப் பிசைந்தாள். கடைசியில், "ஒண்ணுமில்லீங்க, எங்கூட்டுப் போனு நாலஞ்சு நாளா ரிப்பேருங்க. நாம கூப்பிட்டாப் போகும், வர்றது வராது. பையன் இப்பத்தான் சரி பண்ணுனான். சொல்லிப்போடலாம்னு கூப்பிட்டனுங்க" என்றார்.



"அப்படீங்களா" என்றார் பெரியப்பா. "சரீங்க. வெச்சிருங்க."

வைத்துவிட்டார்.

அப்பா போனைக் கையில் பிடித்தபடியே நின்றார். அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். வெள்ளை வந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பாரே என்று நால்வருமே நினைத்தோம். அக்கா போனருகே கீழே உட்கார்ந்து, துவைத்து வைத்திருந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு சட்டையையே பிரித்துப் பிரித்து மடித்தாள்.

நான் ரவுட்டருக்கு எதிரே உட்கார்ந்தேன். எனக்கு வேறொரு கவலையும் இருந்தது. இப்போதுதான் இங்கிருந்து பேசியிருக்கிறோம். உடனே கூப்பிட்டால் எப்படியும் மணி அடிக்கும். நேரம் கழித்துக் கூப்பிட்டால்தான் நான் செய்தது உண்மையில் சரியா என்று தெரியும். மாடிக்குப் போய்ச் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து மோகனூரிலிருந்து கூப்பிட்டு, லைன் பிஸியாக இருந்தால்? எழுந்திருக்கவே துணிச்சல் வரவில்லை. பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்தபடியே இருந்தேன். அரை நிமிடத்துக்கு ஒரு தடவை, நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்று அது யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன்.

நேரம் போனது. வெளியே வெயில் இறங்கியது. அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள், யாரும் தொடவில்லை. அக்கா மடித்த துணிகளை அடுக்கிவிட்டு நிமிர்ந்தவள், சுவரில் தொங்கிய தினக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "இன்னிக்கு ஞாயித்துக்கெழமைல்ல" என்றாள்.

"ஆமா. அதுக்கென்ன?" என்றேன்.

"நாலரைல இருந்து ஆறு வரைக்கும் ராகு காலம்டா. அப்பா கூப்பிட்டதே அதுலதான்."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். "அட ஆமா சாமி. நான் அதப் பாக்கவே இல்லியே."

இப்போது நால்வரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். ஆறாக இன்னும் கொஞ்சம் இருந்தது.  காபி ஆறிப்போனது.

ஆறு அடித்தது. போன் அடிக்கவில்லை. அக்கா மடித்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் வாசற்படி தாண்டவில்லை, போன் அடித்தது.

அந்தச் சிவப்புப் போனின் மணி அவ்வளவு பெரிதென்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அப்பா எடுத்தார்.

"எங்க கடியாரம் ரெண்டு நிமிசம் மெதுவாப் போகுமுங்க" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. "ராகு காலத்துல எப்படீங்க இதச் சொல்றது? அதுவுமில்லாம நீங்க கூப்பிட்ட போன்ல நான் சொல்றது மொறையில்ல பாருங்க, நாங்கதான கூப்பிட்டுச் சொல்லோணும். வெள்ளிக்கெழமயே வெள்ளப்பூ வந்துருச்சுங்க. மூணு நாளா அடிக்கறேன். பதிலளிக்கலை, பதிலளிக்கலைன்னு ஒரு புள்ள சொல்லிக்கிட்டே இருக்குது. உங்க சாமி செவப்பு குடுத்துருச்சாட்ட இருக்குதுன்னு நாங்களும் கம்முனு இருந்துட்டமுங்க. எங்கூட்டுப் பையன் ரெண்டு நாளாப் பட்டறைக்கே போகல."

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அக்கா மடித்த துணி மொத்தமும் கீழே விழுந்து கிடந்தது. அதைப் பொறுக்குவதாகக் குனிந்தவள் நெடுநேரம் நிமிரவில்லை.

ஈரோட்டு வீட்டாரை வரவேண்டாமென்று அப்பா அன்றே தரகரிடம் சொல்லிவிட்டார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. பெரியப்பா என்னிடம் தனியாக ஒரு வேலை சொல்லியிருக்கிறார்: கல்யாணத்துக்கு முன்னால் மோகனூர் வீட்டிலும் வந்து ஒருமுறை பெட்டிகளைப் பார்த்துவிட வேண்டுமாம். "நம்ம பக்கமும் இந்த மாதிரி எதாச்சும் இருக்கப் போகுது தம்பி."

எனக்கு இப்போது ஒரே ஒரு தொந்தரவுதான். நிச்சயம் ஆகும்வரை செல் நம்பர் தரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். அதனால் மாப்பிள்ளை தினமும் பட்டறைச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுகிறார். அதற்கென்றே அக்காவும் இப்போது மதியம் வீட்டுக்கு வருகிறாள். நான் மீட்டிங்கில் இருக்கும் நேரம். பின்னால் அக்கா, "இன்னிக்காவது கோட்ட நேரா வரைஞ்சீங்களா?" என்று கேட்பது கோயம்புத்தூர்வரை கேட்கிறது, மேனேஜர் யாரது என்கிறார். இந்தப் போனை அடிக்கவிடாமல் செய்ய எந்த இடத்தில் எந்த டிக்கை மாற்ற வேண்டும் என்று எனக்கு மிக நன்றாகத் தெரியும். இன்னும் தொடவில்லை.